மரத்தூளும் மனிதர் மூச்சும்



நான் மரவேலை செய்கிறவன். செங்கோட்டைப் பக்கம் ரம்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். 2009-ஆம் ஆண்டு கத்தார் நாட்டுக்குப் போனேன். 2023 வரை 14 வருஷம் தோஹாவில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். பேசிப் பழக்கமில்லாத என்னை இந்த மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் சொல்ல வந்தது, பட்டறைத் தூசியை உறிஞ்சி எடுக்கிற ஒரு மெஷினை நாங்களே செய்துகொண்ட கதை. வேக்குவம் கிளீனர்தானே, கடையில் கிடைக்குமே என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தோஹா நகரத்துக்குத் தென்மேற்கே, சல்வா சாலையை ஒட்டி ஒரு பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைச் 'சனையா' என்றுதான் சொல்வோம். அரபியில் தொழில் என்பதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கார் மெக்கானிக் கடை, இரும்பு வெல்டிங் பட்டறை, அலுமினியக் கடை, டயர் கடை, நடுவில் தொழிலாளர் கேம்ப், பக்காலா என்கிற மளிகைக் கடை, மறுபடியும் பட்டறை என்று போய்க்கொண்டே இருக்கும். காய்ந்துபோன மணல் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து எப்போதும் ஒரு மஞ்சள் மூட்டமாக இருக்கும்.

எங்கள் பட்டறை கீழே. தங்குகிற அறை அதற்கு மேலேயே. நடுவில் ஒரு பலகைப் படிக்கட்டு. ஐந்து பேர் இருந்தோம். பட்டறைதான் வீடு, வீடுதான் பட்டறை. சமையலறை அலமாரி, கதவு, அரபிக்காரர்கள் வீட்டு மஜ்லிஸ் அறைக்குச் சுவர்ப் பலகை, இவைதான் வேலை. முழு மரம் குறைவு. பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும்தான் அதிகம். எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதை அறுத்தால் சுருள் விழாது, சீவல் விழாது. கோதுமை மாவு மாதிரிப் பொடிதான் பறக்கும்.

அந்தப் பொடி படியேறி மேலேயும் வந்துவிடும். தலையணையில் இருக்கும். டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அதன் மேல் இருக்கும். காலையில் மூக்கைச் சிந்தினால் அதிலும் இருக்கும். 'மரவேலைக்காரனுக்கு மரத்தூள் சாம்பிராணி மாதிரி' என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறையைச் சுத்தம் பண்ணுவது எப்படி தெரியுமா? ஏர் கன். கம்ப்ரஸரிலிருந்து வருகிற காற்றுத் துப்பாக்கி. மேஜை, ரம்பம், அலமாரி, கடைசியில் சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஒரு ஊது ஊதினால் பளிச்சென்று ஆகிவிடும். பத்து வருஷமாக அதைப் பிடித்தது நான்தான். நான் ஊதுவேன். எங்கள் ஹெல்ப்பர் தம்பி பின்னாலேயே விளக்குமாற்றோடு வருவான். பரமக்குடிப் பக்கத்துப் பையன், அப்போது 22 வயது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கூட்டுவான். அவனுக்கு இருமல் உண்டு. ஏ.சி. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

2020 மார்ச் மாதம் வந்தது. 17-ஆம் தேதி சனையாவில் 1-ஆம் தெருவிலிருந்து 32-ஆம் தெரு வரைக்கும் கொரோனாவுக்காக அடைத்துவிட்டார்கள். எங்கள் தெரு அதற்குள். பக்காலாவும் மருந்துக் கடையும் தவிர எல்லாம் மூடல். உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாது. வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாது.

அந்த நேரத்தில் ஒருவன் இருமினால் என்ன ஆகும்? நேயர்களே, உங்களுக்கே தெரியும். தம்பி இருமுகிறபோது நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அவன் அதைக் கவனித்துவிட்டான். ராத்திரி தலையணையை எடுத்துக்கொண்டு கீழே பட்டறையில் போய்ப் படுத்துக்கொண்டான். தூசி மலைக்கு நடுவில். 'எனக்கு ஒண்ணுமில்லண்ணே, கீழதான் காத்தோட்டமா இருக்கு' என்றான். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். கொரோனா இல்லை. ஆனால் டாக்டர் அவன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, 'என்ன வேலை செய்கிறாய்?' என்று கேட்டாராம். சொல்லியிருக்கிறான். 'வேலை இல்லாத நாட்களில் இருமல் குறைகிறதா?' என்று அடுத்து கேட்டாராம். அவன் யோசித்துப் பார்த்து, ஊருக்கு லீவில் போனால் இருமல் இருப்பதில்லை என்று சொல்லியிருக்கிறான். 'அப்படியானால் இது தூசியால் வருகிற மூச்சிறைப்பு. தூசியிலிருந்து விலகி இரு' என்று மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தூசியிலிருந்து விலகு என்றால் எங்கே விலகுவது? வேலையும் அங்கே, படுக்கையும் அங்கே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊதினது நான். இருமினது அவன்.

அடைபட்டுக் கிடந்த நாட்களில் கையில் போன் இருந்தது, நேரம் இருந்தது. தேடித் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். அதைக் கூட்டி அள்ளிவிடலாம். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் வருகிற ஒரு பங்கை விடச் சின்னது. அது மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். மூக்கு முடி அதைத் தடுக்காது, நுரையீரல் வரை போய்விடும். ஏர் கன் என்ன செய்கிறது? கீழே படுத்துவிட்ட அந்தப் பொடியை எழுப்பி மறுபடியும் காற்றில் ஏற்றுகிறது. மேஜை சுத்தமாகிறது, மூச்சு அழுக்காகிறது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் மூக்கின் உள்ளே வருகிற ஒரு அபூர்வமான புற்றுநோய், மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மட்டும் அதிகமாக வருவதை எஸ்தர் ஹாட்ஃபீல்ட் என்ற பெண் மருத்துவர் கவனித்தார். அவரும் மற்ற மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பிறகு 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. எம்.டி.எஃப். பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு வாயுவையும் 2004-இல் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று இருந்ததை 2020 ஜனவரியில் 3 மில்லிகிராம் ஆக்கிவிட்டார்கள். மூன்று மில்லிகிராம் எவ்வளவு? ஒரு அரிசியை ஏழாக உடைத்தால் வருகிற ஒரு துண்டு. எங்கள் பட்டறையில் ஏர் கன் பிடிக்கும்போது எதிரே நிற்பவன் முகம் தெரியாது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எங்கள் எலக்ட்ரீஷியன் சேட்டனிடம் சொன்னேன். திருச்சூர்க்காரர், எங்களில் மூத்தவர். அவர் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போய் ஒரு பழைய வீட்டு வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வில்லாவில் வேலை முடித்தபோது வேண்டாம் என்று கொடுத்தது. 1,400 வாட் மோட்டார். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அதை மாற்றினார். மோட்டார் பாடியது.

உற்சாகமாக எம்.டி.எஃப். பொடியில் குழாயை வைத்தோம். பத்து நிமிஷம் நன்றாக இழுத்தது. அப்புறம் சத்தம் கீச்சென்று ஏறியது, இழுப்பு நின்றது, மோட்டார் சுட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற துணிப்பை முழுக்க மாவு அப்பிக்கொண்டிருந்தது. இந்த மெஷினில் மோட்டாரைக் குளிர வைப்பதே அது இழுக்கிற காற்றுதான். காற்று அடைபட்டால் மோட்டார் கருகிவிடும்.

அப்போது தூசி பைக்குப் போவதற்கு முன்னாலேயே அதைப் பிரித்துவிட வேண்டும் என்று புரிந்தது. அதற்கு வழி சுழல்காற்று. பெரிய மர ஆலைகளில் கூரைக்கு மேலே தகரத்தில் தலைகீழ்க் கூம்பு ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் தூசிக் காற்றை ஓரமாகச் சாய்த்து நுழைப்பார்கள். காற்று சுற்றும். தயிர் கடைகிறபோது சட்டியின் ஓரத்துக்குத் தெறிக்கிறதல்லவா, அதுபோல எடையுள்ள தூள் ஓரத்துக்குப் போய், சுவரில் உரசி, வேகம் குறைந்து, கீழே வழிந்துவிடும். சுத்தமான காற்று நடுவில் திரும்பி மேலே போய்விடும். வடிகட்டி எதுவும் கிடையாது, அடைபடவும் செய்யாது. 1970-களின் கடைசியில் இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் டைசன் ஒரு மர ஆலையில் இதைப் பார்த்துத்தான், பை இல்லாத வீட்டு வேக்குவம் கிளீனரைச் செய்யத் தொடங்கினார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. மர ஆலையிலிருந்து வீட்டுக்குப் போன அந்த வித்தையை, நாங்கள் வீட்டு மெஷினோடு சேர்த்துத் திரும்பவும் மரப்பட்டறைக்குக் கொண்டு வந்தோம். அவ்வளவுதான்.

கூம்புக்கு எங்கே போவது? வாசல் வெளியே விளிம்பு உடைந்த ஒரு போக்குவரத்துக் கூம்பு கிடந்தது. சாலையில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்பு. வண்டி நிறுத்தாமலிருக்க முதலாளி வாங்கிப் போட்டது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். முனையை மூன்று அங்குலம் வாய் வருகிற மாதிரி அறுத்தோம். அகலமான பக்கத்தைப் பிளைவுட் வட்டத்தால் மூடினோம். வட்டத்தின் நடுவில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாயை உள்ளே தொங்குகிற மாதிரி இறக்கினோம். பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, சுவரைத் தழுவிக்கொண்டு காற்று நுழைகிற மாதிரி இன்னொரு குழாயைச் சாய்த்து ஒட்டினோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுக் குழாயின் வாய் பக்கத்துத் துளைக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி சுற்றாமல் நேரே மோட்டாருக்குப் போய்விடும். இடுக்கெல்லாம் சிலிக்கான். கூம்பின் முனை ஒரு பெயின்ட் வாளி மூடிக்குள். வாளியில் தூள் விழும்.

ஸ்விட்ச் போட்டோம். தம்பி குழாய் வாயைக் கையால் பொத்திப் பார்த்தான். டமார் என்று ஒரு சத்தம். வாளி உள்ளுக்குள் நசுங்கிவிட்டது! கொரோனா வந்த பிறகு அன்றைக்குத்தான் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். பசை வந்த தடித்த நீல டிரம் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, உள்ளே பிளைவுட் வளையம் கொடுத்து வைத்தோம். நசுங்கவில்லை.

ஆனால் தூள் சரியாக விழவில்லை. ஏனென்று தெரியவில்லை. சேட்டன் ஊதுபத்தி கொளுத்தச் சொன்னார். தூள் இல்லாத காலி டிரம்மை வைத்து மெஷினை ஓட்டிக்கொண்டு, மூட்டுகளின் பக்கம் பத்தியைக் காட்டினோம். மூடி ஓரத்தில் புகை உள்ளே இழுபட்டது. கீழே ஒரு நூலளவு காற்று புகுந்தாலும் விழுகிற தூள் மறுபடி மேலே பறந்துவிடும். சைக்கிள் டியூபை அறுத்து வாஷர் போட்டோம். நின்றது.

மூன்றாவது தொல்லை, ஷாக். பிளாஸ்டிக் குழாயில் காய்ந்த தூள் உரசி ஓடினால் மின்சாரம் ஏறும். தொட்டால் சுள்ளென்று அடித்தது. குழாய் நெடுகச் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்தார் சேட்டன். நன்றாகக் குறைந்தது.

கடைசியாக, மெஷினிலிருந்து வெளிவருகிற காற்று. சுழல்காற்றுக்குத் தப்புகிற மிக மெல்லிய பொடி அதில் இருக்கும். அதை அறைக்குள்ளேயே விட்டால் பண்ணியதெல்லாம் வீண். நாங்கள் நீளக் குழாய் வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத பின்பக்கச் சந்தில், கூரைக்கு மேலே விட்டோம். தெரு திறந்த பிறகு ஹெப்பா பில்டர் ஒன்று வாங்கிப் போட்டோம். இதில் காசு கொடுத்து வாங்கியது அதுவும் கார்பன் பிரஷ்ஷும்தான்.

இந்த நேரத்தில் ஒருவரை நினைக்க வேண்டும். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் கேண்டன் என்ற ஊர். ஒரு பெரிய கடையைக் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தார் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர். ஏறக்குறைய அறுபது வயது. ஆஸ்துமாக்காரர். கம்பளத்தைக் கூட்டுகிறபோது கிளம்புகிற தூசியில் மூச்சு முட்டியது. வேலையை விடவும் முடியாது. 1907-இல் மின்விசிறி மோட்டார் ஒன்றையும், விளக்குமாற்றுக் கம்பையும், தலையணை உறை ஒன்றையும் சேர்த்துக் கட்டி, தூசியை இழுக்கிற மெஷினைச் செய்தார். 1908-இல் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கித் தொழில் தொடங்கியவர் ஹூவர் என்ற தோல் வியாபாரி. உலகத்துக்கு ஹூவர் பெயர் தெரியும், ஸ்பேங்லர் பெயர் தெரியாது. ஆனால் வீட்டில் ஓடுகிற அந்த மெஷின், கூட்டிப் பெருக்குகிற ஒரு நோயாளி தன் மூச்சுக்காகச் செய்தது. இதைப் படித்தபோது தம்பிக்குக் காட்டினேன். 'நம்ம ஆளுதாண்ணே' என்றான்.

சனையாவைப் படிப்படியாகத் திறந்தார்கள். வேலை தொடங்கியது. ரம்பத்துக்கு அடியிலேயே குழாயைப் பொருத்தினோம். தூசி பறந்த பிறகு பிடிப்பதை விட, பிறக்கிற இடத்திலேயே பிடிப்பதுதான் பாதி வெற்றி. முதல் வாரம் டிரம்மை எடை போட்டோம். 11 கிலோ. அத்தனையும் முன்பு தரையிலும், படுக்கையிலும், எங்கள் மூச்சிலும் போனது. முதலாளி வந்து பார்த்தார். கூம்பைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேஜை மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெரிய ரம்பத்துக்கு ஒரு நல்ல டஸ்ட் கலெக்டர் வந்து இறங்கியது. எங்கள் மெஷின் சின்ன வேலைக்கும் கூட்டுவதற்கும் நின்றது. ஏர் கன்னை நான் அலமாரியில் பூட்டி, சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன்.

பார்த்துச் செய்வதற்குச் சில எச்சரிக்கைகள். இந்த மெஷின் இருக்கிறது என்று முகமூடியைக் கழற்றக் கூடாது. வெல்டிங் பொறி, கிரைண்டர் பொறி, சூடான சாம்பல், தின்னர் எதையும் இதில் இழுக்கவே கூடாது. மரத்தூள் எரியும், காற்றில் கலந்தால் வெடிக்கும். 2015 ஜூலையில் இங்கிலாந்தின் பாஸ்லி என்ற ஊரில் மரத்தூள் ஆலை வெடித்து நாலு பேர் இறந்தார்கள். அதனால் டிரம்மைத் தினமும் காலி செய்ய வேண்டும். கொட்டும்போது மெதுவாக, பைக்குள், வாயைக் கட்டி. மின்சார இணைப்பைத் தெரிந்தவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். எங்களுக்குச் சேட்டன் இருந்தார்.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருமல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. 2022-இல் அவன் ஊருக்கு வந்துவிட்டான். இப்போது மரவேலை செய்வதில்லை, வண்டி ஓட்டுகிறான். பையில் மூச்சு மருந்து இருக்கிறது. போனில் பேசும்போது நான் முதலில் கேட்பது அவன் சொல்வதை அல்ல, அவன் மூச்சை. இரண்டு வருஷம் முன்னாலேயே அந்தக் கூம்பைக் கவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வாசலில்தானே கிடந்தது அது. பத்து வருஷம் அதைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போனேன்.

நேயர்களே, நம் ஊரிலும் மர அறுவை ஆலை இருக்கிறது, மரக்கடை இருக்கிறது, மாவு மில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உப்புத்தாள் தேய்த்துக் கட்டில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகின்றன. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று சாயங்காலம் வேலை முடிந்து காற்றுக் குழாயைக் கையில் எடுக்கும்போது, எதிரே யார் விளக்குமாற்றோடு நிற்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். மெஷின் செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஊதுவதை நிறுத்துங்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அதுவே ஒருவர் மூச்சைக் காப்பாற்றும்.